எட்டாம் வகுப்புக்குள் எவ்வளவு தெரிந்தால் போதும்?

தமிழ்நாட்டு அறிவியல் பாடப்புத்தகத்தைத் திறந்தால், பாடத்தின் தொடக்கத்தில் 'கற்றல் நோக்கங்கள்' என்று ஒரு பெட்டி இருக்கும். இந்தப் பாடத்தை முடித்ததும் மாணவர் இன்னதை அறிந்துகொள்வார், இன்னதை வேறுபடுத்துவார், இன்னதை விளக்குவார் என்று சில வரிகள். பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை. அதிலிருந்து கேள்வி வராது என்று அவர்களுக்குத் தெரியும். ஆசிரியர்கள் பாடக்குறிப்பு எழுதும்போது பார்த்து எழுதிக்கொள்வார்கள். பாடத்தின் உள்தலைப்புகளை எடுத்து ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு வினைச்சொல்லை ஒட்டினால் பெரும்பாலும் அந்தப் பெட்டி தயாராகிவிடும்.

வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். பள்ளியை விட்டு வெளியேறும் வயதில் ஒருவருக்கு அறிவியலில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வந்து எட்டாம் வகுப்புக்கு எவ்வளவு, ஐந்தாம் வகுப்புக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். பாடம், புத்தகம், தேர்வு எல்லாம் அதற்கு அப்புறம்தான். சொல்வது சுலபம், செய்து பார்த்தவர்கள் குறைவு. செய்து பார்த்து, ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் எழுதி வைத்த முயற்சி ஒன்று 1985-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நமக்கும் பயன்படும்.

வால் நட்சத்திரக் கணக்கு

ஹாலி வால் நட்சத்திரம் ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியன் பக்கம் வரும். 1986 தொடக்கத்தில் வந்து போனது. அடுத்து 2061-இல் வரும். அமெரிக்க அறிவியல் வளர்ச்சிக் கழகம் 1985-இல் தொடங்கிய தன் பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 'ப்ராஜெக்ட் 2061' என்று பெயர் வைத்தது. அந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கு வால் நட்சத்திரம் திரும்பி வரும்போது எண்பது வயது தாண்டியிருக்கும். அந்த வாழ்நாள் முழுக்க அந்தக் குழந்தையோடு தங்க வேண்டிய அறிவியல் எது என்பதே திட்டத்தின் கேள்வி.

அதற்கு முன்பு கேட்கப்பட்ட கேள்வி வேறு. 1957-இல் சோவியத் யூனியன் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க அரசு அறிவியல் கல்வியில் பணத்தைக் கொட்டியது. பல்கலைக்கழக இயற்பியலாளர்களும் உயிரியலாளர்களும் உட்கார்ந்து உயர்நிலைப் பள்ளிகளுக்குப் புதிய பாடங்களை எழுதினார்கள். தரமான பாடங்கள்தான். ஆனால் அடுத்த தலைமுறை விஞ்ஞானியும் பொறியாளரும்தான் எழுதியவர்களின் மனத்தில் முதலில் இருந்தார்கள். ப்ராஜெக்ட் 2061-இன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் ரதர்ஃபோர்டு அந்தக் காலத்துப் பாடத்திட்ட முயற்சிகளில் ஒன்றான ஹார்வர்டு இயற்பியல் திட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவர்களில் ஒருவர். விஞ்ஞானி ஆகாத எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று அவர் இப்போது கேட்டார். லாரி ஓட்டுபவர், நீதிபதி, மருந்துக்கடைக்காரர், வாக்களிப்பவர், பிள்ளைக்குத் தடுப்பூசி போடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் என்று எல்லோரையும் சேர்த்துத்தான்.

ஐந்து நிபுணர் குழுக்கள் அமைக்கப்பட்டன. உயிரியலும் உடல்நலமும் ஒரு குழு; கணிதம் ஒன்று; இயற்பியல் அறிவியல்களையும் தகவலியலையும் பொறியியலையும் சேர்த்து ஒன்று; சமூக அறிவியல் ஒன்று; தொழில்நுட்பம் ஒன்று. நிபுணர்களை ஓர் அறையில் உட்கார வைத்து எது அவசியம் என்று கேட்டால் என்ன நடக்கும் என்று பாடத்திட்டக் குழுவில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரவர் துறை அவரவருக்கு அவசியம். அதனால் ஒன்றைச் சேர்க்க விரும்புபவர் ஐந்து அளவுகோல்களை வைத்துக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

வேலையிலோ சொந்த வாழ்க்கையின் முடிவுகளிலோ உதவுமா? குடிமகனாக, குடிமகளாகப் பொது விஷயங்களில் கருத்துச் சொல்ல உதவுமா? மனித அறிவின் வரலாற்றில், தெரியாமல் இருந்தால் படிப்பு முழுமையாகாது என்னும் அளவுக்கு முக்கியமா? வாழ்வும் சாவும், உறுதியும் ஐயமும் போன்ற பழைய பெரிய கேள்விகளைச் சிந்திக்கத் துணை செய்யுமா? ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது: அது குழந்தைப் பருவத்தைச் செழிப்பாக்குமா? குழந்தையாக இருக்கும் காலம் தன்னளவிலேயே முக்கியமானது, பிற்காலத்தில் உதவுகிறதோ இல்லையோ, இப்போது அந்த வயதுக்கு மகிழ்ச்சி தந்தால் அதுவும் சேர்ப்பதற்கு ஒரு காரணம் என்றார்கள். நம் ஊரில் எந்தப் பாடத்தையும் நியாயப்படுத்த 'மேல்படிப்புக்குத் தேவைப்படும்' என்ற ஒரே காரணம் போதும். ஆறாம் வகுப்புப் பாடத்தைக்கூட நீட் தேர்வைக் காட்டி நியாயப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலையின் முடிவு 1989-இல் 'சயின்ஸ் ஃபார் ஆல் அமெரிக்கன்ஸ்' என்ற நூலாக வந்தது. ரதர்ஃபோர்டும் ஆண்ட்ரூ ஆல்கிரனும் எழுதினார்கள். அதில் குறிக்கோள்கள் பட்டியலாக இல்லை. பதினெட்டு வயதில் ஒருவர் புரிந்துவைத்திருக்க வேண்டிய உலகத்தைத் தொடர்ந்து படிக்கக்கூடிய உரைநடையில் எழுதியிருக்கிறார்கள். கணிதமும் தொழில்நுட்பமும் மனித சமூகமும் அறிவியலோடு சேர்ந்தே வருகின்றன. பூமி பிரபஞ்சத்தின் மையத்திலிருந்து நகர்ந்தது, நியூட்டன் வானத்தையும் தரையையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது, லவாய்சியர் நெருப்பைப் புரிந்துகொண்டது, டார்வின், பாஸ்டர் என்று அறிவியல் வரலாற்றின் பத்து நிகழ்வுகளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஒரு பெற்றோர் வாங்கிப் படித்து, 'என் பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்தால் எனக்குத் திருப்தி' என்றோ 'இது எதற்கு?' என்றோ சொல்ல முடியும். கல்வித்துறை ஆவணம் ஒன்றுக்கு அப்படி ஒரு வாசகர் கிடைப்பது அபூர்வம்.

தட்டில் இருந்த தண்ணீர் எங்கே போனது?

பதினெட்டு வயதுக்கானதை எழுதிவிடலாம். ஏழு வயதுக்கும் பத்து வயதுக்கும் எழுதுவதில்தான் சிக்கல். அந்த வேலையில் அமெரிக்காவின் ஆறு வெவ்வேறு இடங்களைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் குழுக்கள் ஈடுபட்டன. சான் பிரான்சிஸ்கோ, பிலடெல்பியா போன்ற பெருநகரங்களோடு ஜார்ஜியாவின் கிராமப்புறப் பள்ளிகளும் இருந்தன. 1993-இல் வெளியான 'பெஞ்ச்மார்க்ஸ்' ஆவணம் இரண்டு, ஐந்து, எட்டு, பன்னிரண்டு ஆகிய வகுப்புகளின் முடிவில் மாணவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆண்டுவாரியாகப் பிரிக்காமல் இப்படி மூன்று நான்கு ஆண்டுகளை ஒரு கட்டாக வைத்ததே நல்ல முடிவு. ஒரு கருத்து ஜூலையில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடுவதில்லை என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

நீர்ச்சுழற்சியை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் எல்லோரும் வரைந்த படம்தான்: ஒரு மலை, ஒரு மேகம், ஒரு கடல், சூரியன், சுற்றிலும் அம்புக்குறிகள். அம்புகளின் பக்கத்தில் 'ஆவியாதல்', 'ஆவி சுருங்குதல்' என்று எழுதிவிட்டால் முழு மதிப்பெண். அதே பிள்ளையிடம், கொடியில் காய்ந்த துணியின் ஈரம் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் 'சூரியன் உறிஞ்சிடுச்சு' என்று பதில் வரும். 'மேகத்துக்குப் போயிடுச்சு' என்றும் வரலாம். படத்தில் அம்பு நேராக மேலேதானே போகிறது.

பெஞ்ச்மார்க்ஸ் இதை எப்படிப் பிரித்தது என்று பாருங்கள். இரண்டாம் வகுப்பின் முடிவில் தெரிந்திருக்க வேண்டியது: திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் காணாமல் போகிறது, மூடிய பாத்திரத்தில் வைத்தது காணாமல் போவதில்லை. அவ்வளவுதான். காணாமல் போகிறது என்று அறிவியல் ஆவணம் ஒன்று எழுதலாமா என்று ஒரு வேதியியல் பேராசிரியருக்குக் கோபம் வரும். எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதினார்கள். ஏழு வயதில் பார்த்து உறுதி செய்யக்கூடியது அதுதான். மூடிக்கும் தண்ணீருக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்ற புதிர் மனத்தில் விழுந்தால் அந்த வயதுக்குப் போதும்.

ஐந்தாம் வகுப்பின் முடிவில்: காணாமல் போகும் தண்ணீர் நீராவியாகக் காற்றில் இருக்கிறது, குளிர்ந்தால் மறுபடி நீராகத் தோன்றும், மேகமும் மூடுபனியும் நுண்ணிய நீர்த்துளிகளே. எட்டாம் வகுப்பின் முடிவில்தான் பூமிப்பரப்பிலிருந்து ஆவியாகி, மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகவோ பனியாகவோ விழுகிற முழுச் சுழற்சி வருகிறது. நாம் மூன்றாம் நான்காம் வகுப்புகளிலேயே அம்புக்குறியோடு வரைய வைக்கும் படம் அவர்கள் கணக்கில் எட்டாம் வகுப்புக்குரியது.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு ஆவணத்தின் கடைசிப் பகுதியில் ஓர் அத்தியாயம் முழுக்க ஆய்வுகளின் தொகுப்பு இருக்கிறது. ஆவியாதலைக் குழந்தைகள் படிப்படியாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். முதலில் தண்ணீர் இல்லாமலே போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பிறகு தண்ணீர் தண்ணீராகவே வேறு இடத்துக்கு, தரைக்குள்ளோ மேகத்துக்குள்ளோ, போய்விட்டது என்று நினைக்கிறார்கள். புகை மாதிரிக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக மாறியது என்பது இன்னொரு கட்டம். கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியுள்ள காற்றிலேயே இருக்கிறது என்பது கடைசியில் வருகிறது. அதற்கு ஒரு முன்நிபந்தனையும் உண்டு: காற்று என்பது எப்போதும் இருக்கிற ஒரு பொருள் என்பதைக் குழந்தை ஏற்றிருக்க வேண்டும். காற்றே அதற்கு 'ஒன்றுமில்லை' என்றால், ஒன்றுமில்லாததற்குள் தண்ணீர் எப்படிப் போய் உட்காரும்? ஆக, நீர்ச்சுழற்சிக்கான பாதை காற்று இடத்தை அடைத்துக்கொள்கிறது என்ற வேறொரு பாடத்தின் வழியாகப் போகிறது. பாடங்களைத் தனித்தனி அலகுகளாகப் பார்க்கும்போது இது கண்ணில் படாது.

இப்படி ஒரு கருத்து எந்தெந்தக் கருத்துகளின் மேல் நிற்கிறது என்பதை வரைபடங்களாகவே பின்னர் போட்டார்கள். 2001-இலும் 2007-இலும் இரண்டு தொகுதிகளாக வந்த அந்த வரைபட நூலில் கீழே சிறு வகுப்புகள், மேலே பெரிய வகுப்புகள், நடுவே அம்புகள். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால் எந்த அம்பு அறுந்திருக்கிறது என்று கீழே தேடிப் போகலாம். பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்களுக்கு நம்மிடம் இப்படி ஒன்று கொடுக்கப்பட்டால் நூறு படிவங்களைவிடப் பயன்படும் என்பது என் எண்ணம்.

கத்தரிக்கோல் யார் கையில்?

ப்ராஜெக்ட் 2061 பிடிவாதமாக நின்ற இடம் பாடச் சுமையைக் குறைப்பது. குறைவாகக் கற்பி, நன்றாகக் கற்பி. கலைச்சொல் மனப்பாடத்துக்கு முக்கியத்துவத்தைக் குறைக்க வேண்டும் என்று 1989 நூலே வெளிப்படையாகச் சொல்லியது. நடுநிலைப் பள்ளிக்கான ஒரு குறிக்கோள்: தாவரங்கள் ஒளியின் ஆற்றலைக்கொண்டு கார்பன் டை ஆக்ஸைடிலிருந்தும் நீரிலிருந்தும் சர்க்கரையைத் தயாரிக்கின்றன. அந்த வாக்கியத்தில் ஒளிச்சேர்க்கை என்ற சொல்லே இல்லை. செடி தன் உணவை மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது என்ற நம்பிக்கை ஊர் உலகத்தில் எல்லாக் குழந்தைகளிடமும் பலமாக இருப்பது. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதுகிற பத்தாம் வகுப்பு மாணவரிடம், இவ்வளவு பெரிய புளியமரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'மண்ணிலிருந்து' என்பார். நீர் போக மிச்சமிருக்கும் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது என்பதை அந்தச் சமன்பாடு அவருக்குச் சொல்லவே இல்லை. குறிக்கோள் எழுதியவர்கள் குறிவைத்தது அந்த நம்பிக்கையை.

குறைப்பதை நாமும் செய்திருக்கிறோம். கோவிட் காலத்துக்குப் பிறகு 2022-இல் மத்தியப் பாடத்திட்டப் புத்தகங்களை வெளியிடும் என்சிஇஆர்டி பாடச் சுமையைக் குறைக்கப் பகுதிகளை நீக்கியது. 2023-இல் புதிதாக அச்சிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தனிம ஆவர்த்தன வகைப்பாட்டுப் பாடம் இல்லை. 'மரபும் பரிணாமமும்' என்று இருந்த பாடம் 'மரபு' என்று சுருங்கியது. நீக்குவதற்குச் சொன்ன அளவுகோல்கள் ஏறத்தாழ இவை: வேறு பாடத்திலோ வேறு வகுப்பிலோ இதே விஷயம் வருவது, கடினமாக இருப்பது, ஆசிரியர் உதவி அதிகம் இல்லாமல் பிள்ளைகளே கற்க முடிவது, இன்றைய சூழலுக்குப் பொருந்தாமல் இருப்பது.

இந்த அளவுகோல்களை ப்ராஜெக்ட் 2061-இன் அந்த ஐந்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஐந்தில் ஒரு கருத்து மனிதருக்கு எதற்கு வேண்டும் என்ற கேள்வி இருக்கிறது. என்சிஇஆர்டியின் அளவுகோல்களில் அது இல்லை. பக்கங்களைக் குறைப்பதற்கான நிர்வாகக் காரணங்கள் இருக்கின்றன. பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் சொன்னார்கள். இருக்கிறதுதான். ஆனால் எல்லா மாணவரும் அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு பத்தாவது. அதற்குப் பிறகு வணிகவியல் எடுப்பவரும் வரலாறு எடுப்பவரும் உயிரியல் புத்தகத்தைத் தொடப் போவதில்லை. குறிக்கோள் 'எல்லோருக்குமான அறிவியல்' என்றால் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இருப்பது கணக்கில் வராது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்ட திறந்த மடல் பரிணாமத்தைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பில் ஆவர்த்தன வகைப்பாடும் உண்டு, உயிரின் தோற்றமும் பரிணாமமும் உண்டு. அதை நினைத்துப் பெருமைப்படுவதற்கு முன், அந்தப் பாடத்திலிருந்து தேர்வில் என்ன கேட்கப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். பரிணாமத்துக்கான சான்றுகளை எடைபோடச் சொல்கிறதா, அறிவியலாளர் பெயரையும் அவர் கோட்பாட்டையும் பொருத்தச் சொல்கிறதா?

2005-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் அறிவியல் பாடத்துக்கு ஆறு தகுதிகளை வைத்தது. குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு ஏற்றதா, உள்ளடக்கம் சரியா, அறிவியல் செயல்முறையைக் கற்றுத்தருகிறதா, வரலாற்றுப் பார்வை உண்டா, சூழலோடு தொடர்புபடுகிறதா, நேர்மை போன்ற விழுமியங்களை வளர்க்கிறதா என்று. நல்ல அளவுகோல்கள். 2022-இல் கத்தரிக்கோலை எடுத்தபோது இவற்றை ஒருமுறை திருப்பிப் பார்த்திருக்கலாம்.

தேர்வு கேட்பதே குறிக்கோள்

எழுதிய குறிக்கோளுக்கும் வகுப்பறைக்கும் நடுவே புத்தகமும் தேர்வும் நிற்கின்றன. 1999-இல் ப்ராஜெக்ட் 2061 அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட நடுநிலைப் பள்ளி அறிவியல் புத்தகங்களை எடுத்து, தங்கள் குறிக்கோள்களில் சிலவற்றைக் கற்பிக்க அவை எவ்வளவு உதவுகின்றன என்று மதிப்பிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை. புத்தகங்கள் தடிமனாக, வண்ணமயமாக, துண்டு துண்டான தகவல்களால் நிறைந்திருந்தன; குழந்தையின் முன்நம்பிக்கையை எதிர்கொண்டு படிப்படியாக நகர்த்தும் பாடம் அவற்றில் இல்லை. குறிக்கோள் வெளிவந்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகு இந்த நிலைமை.

நமக்கு இதைவிட நேரடியான பாடம் ஒன்று கிடைத்தது. வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.ஈ.சி.டி. பல நாட்டு மாணவர்களை ஒப்பிட நடத்தும் பீசா தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பதினைந்து வயது மாணவர்களுக்கான தேர்வு. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது இரண்டு மாநிலங்களும் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் பட்டியலில் அடிமட்டத்தில் இருந்தன. அறிவியலில் ஓ.ஈ.சி.டி. நாடுகளின் சராசரி 501. தமிழ்நாட்டின் சராசரி 350-ஐக்கூடத் தொடவில்லை. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று குறைசொன்னார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. 2012, 2015, 2018, 2022 சுற்றுகள் எதிலும் இந்தியா கலந்துகொள்ளவில்லை.

சூழல் மட்டும்தான் காரணமா என்று பார்க்க, பொதுவெளியில் இருக்கும் பழைய பீசா கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அமில மழையின் விளைவைப் புரிந்துகொள்ள மாணவர்கள் சலவைக்கல் துண்டுகளை ஓர் இரவு முழுக்க வினிகரில் போட்டு வைக்கிறார்கள். வேறு சில துண்டுகளை வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் போட்டு வைக்கிறார்கள். இந்த இரண்டாவது வேலையை ஏன் செய்தார்கள்? இதில் சலவைக்கல்லோ வினிகரோ நமக்கு அந்நியமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும், இல்லையென்றால் கரைந்ததற்கு அமிலம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்பதே விடை. இதைச் சொல்ல மனப்பாடம் எதுவும் உதவாது. செய்து பார்த்த, யோசித்துப் பார்த்த பழக்கம் வேண்டும். பெஞ்ச்மார்க்ஸ் இதை ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கி வைக்கிறது: எல்லா நிபந்தனைகளும் ஒன்றாக இல்லாதபோது ஒப்பீடு நியாயமாக இருக்காது என்பதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். நம் வகுப்பறையில் இதைக் கேட்கிற கேள்வி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது?

இந்தியாவில் தேர்வையே மாற்றிப் பார்த்த முயற்சி ஒன்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் அது. அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் கிராமிய மையமும் தொடங்கி வைத்தன. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் அதை எடுத்து நடத்தியது. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து பரிசோதனை செய்து, பார்த்ததை எழுதி, வாதிட்டு முடிவுக்கு வந்தார்கள். செய்து பார்த்துச் சரிபார்க்க முடியாத நுண்கருத்துகளைப் பெரும்பாலும் தள்ளிவைத்தார்கள். இது ப்ராஜெக்ட் 2061-ஐவிடக் கடுமையான வெட்டு, இதற்கு எதிர்ப்பும் வந்தது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. குறிக்கோள், பாடம், தேர்வு மூன்றும் ஒரே திசையில் போனதற்கு இந்தியாவில் எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு இதுதான். அரசு 2002-இல் அதை நிறுத்திவிட்டது.

அமெரிக்காவில் கதை அதற்குப் பிறகு வேறு பக்கம் திரும்பியது. 2012-இல் தேசிய ஆய்வுக் குழு ஒரு புதிய சட்டகத்தை வெளியிட்டது. 26 மாநிலங்கள் முன்னின்று 2013-இல் புதிய அறிவியல் தரநிலைகளை உருவாக்கின. இதில் ஒவ்வொரு குறிக்கோளும் மாணவர் செய்து காட்ட வேண்டிய ஒரு செயலாக எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கான ஒன்று: பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துகள்களால் ஆனவை என்பதை விவரிக்க ஒரு மாதிரியை உருவாக்குதல். பெஞ்ச்மார்க்ஸ் 'தெரிந்திருக்க வேண்டும்' என்று நிறுத்திக்கொண்டது, அதை எப்படிச் சோதிப்பது என்பதை ஆசிரியரிடம் விட்டது. புதியது சோதனை வடிவத்தையும் சேர்த்தே கட்டிவிடுகிறது. தேர்வுத் துறைக்கு இது வசதி. படிக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. கட்டங்களும் குறியீட்டு எண்களுமாக, 1989 நூலைப் போல ஒரு பெற்றோர் கையில் எடுத்துப் படிக்க முடியாது.

ஆனால் அதே ஐந்தாம் வகுப்புக் குறிக்கோளின் கீழே ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது: ஆவியாதலும் ஆவி சுருங்குதலும் அணு அளவில் எப்படி நடக்கின்றன என்பதையும், அந்தத் துகள்கள் என்னவென்று வரையறுப்பதையும் தேர்வில் கேட்கக் கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று குறிக்கோளே சொல்லிவிடுகிறது. இப்படி ஓர் எல்லைக் கோடு நம் புத்தகங்களுக்கு வந்தால் போதும், மற்ற சீர்திருத்தங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்வேன். சுவைக்காகப் போடப்படும் 'மேலும் தெரிந்து கொள்வோம்' பெட்டியிலிருந்து வழிகாட்டி நூல்கள் ஒரு மதிப்பெண் வினாக்களைச் சுரண்டி எடுக்கும் ஊர் இது. எல்லை எழுதப்படாத இடத்தில் எல்லாமே பாடம், எல்லாமே கேள்வி.

'உனக்கு எப்படித் தெரியும்?'

பெஞ்ச்மார்க்ஸின் பன்னிரண்டாம் அத்தியாயம் மனப் பழக்கங்களைப் பற்றியது. எட்டாம் வகுப்புக்குள், மிகச் சிறிய எண்ணிக்கையை வைத்துச் செய்யும் வாதத்தைச் சந்தேகிக்கத் தெரிய வேண்டும். உண்மையும் கருத்தும் கலந்து வருவதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். பள்ளி முடிக்கும்போது, சதவீதத்தைச் சொல்லி மொத்தம் எத்தனை பேர் என்பதை மறைக்கும் தந்திரம் பிடிபட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பக்கங்கள் எனக்கு ஞாபகம் வரும். 1993-இல், வாட்ஸ்அப் வருவதற்கு வெகு முன்பே எழுதப்பட்டவை.

இந்த வரிசையின் முதல் படி இரண்டாம் வகுப்புக்கானது. பொருத்தமான இடங்களில் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று பிள்ளை கேட்க வேண்டும். அதையே மற்றவர்கள் தன்னிடம் கேட்டால் நியாயமான பதில் சொல்லவும் முயல வேண்டும். ஆவணத்திலேயே மிகச் சிறிய வரிகளில் ஒன்று, நடைமுறைப்படுத்த மிகக் கடினமானதும்கூட. நீராவியை எந்த வகுப்பில் வைப்பது என்று வாதிடலாம், ஆய்வு செய்யலாம். ஏழு வயதுப் பிள்ளை ஆசிரியரிடம் 'உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்?' என்று கேட்டால் அதைத் துடுக்குத்தனமாக எடுத்துக்கொள்ளாத பள்ளி வேண்டும். கேட்ட பிள்ளையிடமே 'சரி, நீ சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?' என்று திருப்பிக் கேட்டுக் காத்திருக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு, மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டிய பாடப் பகுதியும் கையிலிருந்தால் அந்த நேரம் கிடைக்காது. ஆகவே பாடச் சுமையைக் குறைப்பதும் இந்தப் பழக்கத்தை வளர்ப்பதும் ஒரே வேலை. எதை வெட்டுவது என்று முடிவு செய்கிற குழு, வெட்டியதால் மிச்சமாகும் வகுப்பு நேரத்தை எதற்குத் தருகிறோம் என்பதையும் அதே ஆவணத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த இடத்தில் திருப்புதல் தேர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும்.